மெர்ல் டட்டனைத் தேடி வந்த விமானம்

விமானம் கிளம்புவதற்கு முன்னாலேயே அது எங்கே போகிறது என்று மாநிலம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கோல்டர். மாடும் மக்காச்சோளமும் ஒரு சின்னக் கல்லூரியும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். கல்லூரிக்கு ஒரு ஃபுட்பால் அணி உண்டு; பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி மோதும் அமெரிக்க ஃபுட்பால். அந்த அணியின் தலைமைக் கோச் மெர்ல் டட்டன். அவன் பெண்டாட்டி லோர்னா அடுப்படியில் நின்றபடி கைபேசியில் ஊர்ப் பெயரைப் பார்த்தாள். 

தலைநகரத்துப் பெரிய பல்கலைக்கழகம் போன ஞாயிற்றுக்கிழமை தன் கோச்சைத் துரத்தியிருந்தது. பக்கத்து மாநிலத்திடம் தொடர்ந்து மூன்றாம் வருஷமும் தோற்றவனை அங்கே ஒரு ராத்திரிகூட வைத்திருக்க மாட்டார்கள். புதுக் கோச் யார் என்று பல்கலைக்கழகம் வாயைத் திறக்காது. ஜனங்களும் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஒரு கோழிப்பண்ணைக் கோடீஸ்வரர் பல்கலைக்கழகத்துக்கு இரவல் கொடுக்கும் சிவப்பு வால் விமானத்தின் எண், பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அங்கே மனப்பாடம்; அதைத் தட்டினால் விமானம் எங்கே போகிறது என்று கைபேசி காட்டிவிடும். அது எந்த ஊரில் இறங்குகிறதோ அந்த ஊர்க் கோச்தான் அடுத்த ராஜா. முந்தாநாள் தெற்கே ஓர் ஊரில் இறங்கியது, அந்தக் கோச் ஒத்துக்கொள்ளவில்லை என்று பேச்சு. மழை வருமா, பனி வருமா என்று வானத்தைப் பார்க்க வேண்டிய விவசாயிகள் நாலு நாளாகக் கைபேசியில் அந்த விமானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லோர்னாவும் பார்த்தாள். கோச் பெண்டாட்டிகள் எல்லாரும் பார்ப்பார்கள். மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு, இவர்களுக்கு அது வீட்டு விஷயம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒன்பது தரம் வீடு மாறியிருக்கிறாள். பெட்டி கட்டுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. கோல்டருக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. முதல் தடவையாகச் சொந்த வீடு. பல் டாக்டரிடம் வரவேற்பு வேலை. மகள் டெசா பள்ளியில் கடைசி வருஷம் படிக்கிறாள். அவள் இதற்கு முன் எந்தப் பள்ளியிலும் ஒரே சிநேகிதியோடு இரண்டு பிறந்தநாள் கொண்டாடியதில்லை, இங்கேதான் கொண்டாடினாள். டெசா பள்ளி முடிக்கும்வரை இந்த ஊரை விட்டு அசைவதில்லை என்று மெர்ல் வாக்குக் கொடுத்திருந்தான். கோச்சின் வாக்கு ஆட்டம் முடியும் வரைக்கும்தான் செல்லும் என்பது லோர்னாவுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் நம்பினாள்.

அன்றைக்குக் காலையிலேயே கல்லூரித் தலைவர் டாக்டர் பிரென்டிஸ் வீட்டு வாசலில் வந்து நின்றார். காலணியில் பனி, கையில் ஒரு உறை. ஒரு மாதமாக மெர்லின் புது ஒப்பந்தத்தைப் பட்ஜெட், கமிட்டி என்று ஏதேதோ சொல்லித் தூங்கவைத்திருந்த மனிதர் அவர். விமானத்தின் திசை தெரிந்ததும் தானே எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார். கதவு தட்டும் சத்தத்திலேயே பயம் இருந்தது.

"அஞ்சு வருஷம் போட்டிருக்கேன் மெர்ல். சாயங்காலம் நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. அதுக்குள்ள கையெழுத்து வேணும். இல்லேன்னா நாங்களும் வேற ஆளப் பாக்கணும், வேற வழியில்ல. அடுத்த வாரம் ஸ்கூல் முடிக்கிற பசங்க எந்தக் காலேஜுக்கு ஆடுறதுன்னு கையெழுத்துப் போடுற நாளு. கோச் யாருன்னே தெரியாம எந்த அம்மா பிள்ளைய அனுப்புவா?"

அவர் பேனாவையும் திறந்து நீட்டினார். மெர்ல் பேனாவைப் பார்த்தான். வாங்கவில்லை.

"நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கே டாக்டர்" என்றான்.

பிரென்டிஸ் போனதும் லோர்னா சும்மா இருப்பாளா? பிடித்துக்கொண்டாள். ஒரு மாசமாக எதைக் கேட்டுக் காத்திருந்தானோ அது மேஜைமேல் கிடக்கிறது, அதை எடுத்துக் கையெழுத்துப் போட உனக்கு என்ன கேடு என்றாள். யாரும் தன்னைக் கூப்பிடவில்லை என்று மெர்ல் சத்தியம் செய்தான். அது உண்மைதான். ஆனால் அன்று காலையில் அவன் இரண்டு தரம் சவரம் செய்திருந்தான். இழவு வீட்டுக்கும் விருது விழாவுக்கும் மட்டுமே கட்டும் டையைக் கட்டியிருந்தான்.

"இருக்கறத விட்டுட்டுப் பறக்கறதப் பிடிக்கப் போறியா மெர்ல்?"

"கூப்பிட்டா என்ன சொல்றதுன்னு யோசிக்கக்கூடக் கூடாதா? நான் அங்க ஆட்டக்காரங்களுக்குத் துண்டு மடிச்சவன் லோர்னா. ரெண்டு வருஷம். அப்ப இருந்த தலைமைக் கோச்சுக்குக் கடைசி வரைக்கும் என் பேரு தெரியாது. 'ஏய், செம்பட்ட'ன்னுதான் கூப்பிடுவான்."

அது லோர்னாவுக்குத் தெரிந்த கதைதான். அவனுக்கு இருபத்தாறு வயதில் அந்தப் பல்கலைக்கழகத்தில் எடுபிடி வேலை. தலைமைக் கோச்சைத் துரத்தியபோது குப்பையோடு குப்பையாக இவனையும் வாரி வெளியே போட்டார்கள். ஒன்பது வீடுகளில் முதல் வீட்டை அவனும் லோர்னாவும் அப்போதுதான் காலி செய்தார்கள். அங்கேயே ராஜாவாகத் திரும்பிப் போகலாம் என்றால் எந்த ஆணுக்குத்தான் புத்தி தடுமாறாது? லோர்னாவுக்கு அவன்மேல் பரிதாபமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது.

மதியம் அவன் லோர்னாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் பின்சந்து வழியாக மைதானத்துக்கு நடந்து போனான். பார்வையாளர் வரிசைக்கு மேலே, உச்சியில், வானொலிக்காரர்கள் உட்கார்ந்து ஆட்டத்தைச் சொல்லும் கண்ணாடி அறை ஒன்று உண்டு. ஊரிலேயே அங்கேதான் கைபேசிக்குச் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு போய் அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இலவு காத்த கிளிக்காவது கூட நாலு கிளிகள் இருந்திருக்கும், இவன் தனி.

அவன் போன கையோடு பக்கத்து வீட்டு பெர்னிஸ் வந்து சேர்ந்தாள். கையில் ஒரு தட்டு நிறைய வேகவைத்த நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும். கோல்டரில் யாராவது செத்தாலும் பிறந்தாலும் வேலை மாறினாலும் இந்தத் தட்டு வந்துவிடும். அதைக் கொடுக்கிற சாக்கில் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

"பொட்டி வேணும்னா சொல்லு கண்ணு. எங்க வீட்டுக்காரரு சாராயக் கடையில நல்ல கெட்டிப் பொட்டியா இருக்கு. புஸ்தகம் கட்டறதுக்கு அதவிட ஒசத்தி கெடையாது."

"நாங்க எங்கயும் போகல பெர்னிஸ்."

"போகலேன்னா சந்தோஷம்தான். ஆனா அங்க போயாவது கடைசி ஆட்டத்துல செஞ்ச மாதிரி, பந்த ஒதைக்க வேண்டிய எடத்துல அந்த நோஞ்சான் பயல ஓட விட வேண்டாம்னு சொல்லு. என் மாமியாரு இன்னும் அதச் சொல்லிச் சொல்லி அழுவுறா."

அவள் போனதும் லோர்னா கைபேசியைப் பார்த்தாள். காலையிலிருந்து பார்த்த பார்வையில் அதன் உயிர் போய்விட்டிருந்தது. சுவரில் மாட்டி உயிர் ஊட்டினாள். கொஞ்ச நேரத்தில் கூரைக்கு மேலே சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சிவப்பு வால். தாழப் பறந்து, ஊருக்கு வெளியே மருந்து தெளிக்கும் விமானங்கள் இறங்கும் ஓடுபாதையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அவள் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் இந்தக் கதை இல்லை. டெசா காரை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போயிருந்தாள். மெர்லின் பிக்கப் வண்டிதான் வாசலில் நின்றது. பின்கதவு நசுங்கிய அந்தப் பச்சை வண்டியைத் தெரியாதவர் கோல்டரில் கிடையாது. வெளியே காற்று காதை அறுத்தது. கைபேசியைச் சுவரிலேயே விட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய மெர்லின் கோட்டை மாட்டிக்கொண்டாள். ஆட்ட நாளில் அவன் போடும் பச்சைக் கோட்டு, முதுகில் கல்லூரிப் பெயர், தலையை மூடும் பெரிய முக்காடு. தோள் அகலத்தில் அவள் புருஷனுக்கு ஒன்றும் இளைத்தவள் அல்ல.

போகும் வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாள். விமானத்தில் வந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்காரர்களிடம் கெஞ்சுவதாகத்தான் திட்டம். "ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கோங்க, எம்பொண்ணு படிப்ப முடிச்சுடட்டும்" என்று ஆரம்பித்தாள். அது சரியில்லை என்று பட்டது. எந்த அணி ஒரு வருஷம் பொறுக்கும்? "அவருக்கு நெஞ்சு வலி" என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தாள். வாய் கூசியது. கடைசியில், "அவர விட்டுடுங்க" என்ற இரண்டு வார்த்தைதான் மிஞ்சியது.  புருஷனுக்கு வருகிற பெரிய வாழ்வைத் தட்டிவிடப் போகும் பெண்டாட்டியை ஊர் என்ன பேர் சொல்லி அழைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வண்டியைத் திருப்பவில்லை.

ஓடுபாதை வேலிக்கு வெளியே பத்துப் பதினைந்து வண்டிகள் நின்றன. ஊர் ஜனம் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளிரில் நின்றது. காவல்காரர் பச்சை வண்டியைக் கண்டதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கதவைத் திறந்து சலாம் வைத்தார். லோர்னா நேரே விமானத்தின் காலடியில் வண்டியை நிறுத்தினாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, காற்றுக்குக் குனிந்தபடி, படியில் ஓடி ஏறி உள்ளே போனாள்.

உள்ளே எட்டுத் தோல் இருக்கைகள். ஏழு காலி. எட்டாவதில் விமானி உட்கார்ந்து வான்கோழிக் கறி வைத்த சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருந்தான். நரைத்த மீசை, காலில் செருப்பில்லை, வெறும் காலுறை.

"அவங்க எங்க?" என்றாள் லோர்னா.

"யாரு மேடம்?"

"பல்கலைக்கழகத்து ஆளுங்க. எம்புருஷனப் பாக்க வந்தவங்க."

விமானி சாண்ட்விச்சை மெதுவாகக் காகிதத்தில் வைத்தான். அவனுக்குச் சங்கடமாகிவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. யாரும் வரவில்லை என்றான். கதவைத் திறந்துவைத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார்கள். முந்தாநாள் தெற்கே இறங்கிய ஊரிலும் இதே மாதிரிதான் உட்கார்ந்தானாம். அங்கே பேண்டு வாத்தியமே வைத்து வரவேற்றுவிட்டார்களாம். ஜனங்கள் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று, உண்மையான கோச்சை நேற்றே வேறு மாநிலத்திலிருந்து காரில் கூட்டிவந்து ஒரு பண்ணை வீட்டில் வைத்திருக்கிறார்கள். இன்று இரவு அறிவிப்பு.

"அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம். என் வேல போயிடும்."

"இத்தன ஊரு இருக்கே. எங்க ஊர ஏன் எடுத்தாங்க?"

"ஓடுபாதை நீளம் சரியா இருந்துச்சு" என்றான் விமானி. "இந்த ஊருக்குப் பேரு என்ன மேடம்?"

லோர்னா ஒரு தோல் இருக்கையில் தொப்பென்று உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. சிரித்தாள், கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தாள். வீடு தப்பியது. டெசாவின் கடைசி வருஷம் தப்பியது. மெர்ல் இனி அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. விமானி பாதி சாண்ட்விச்சை நீட்டினான். காலையிலிருந்து ஒன்றும் தின்னாதவள், வாங்கித் தின்றாள். கை சூடேறும்வரை உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம்தான் மெர்லின் டையும் இரண்டு தரம் செய்த சவரமும் நினைவுக்கு வந்தன. அவர்களுக்கு இன்றைக்கும் அவன் பேர் தெரியாது. சந்தோஷத்தின் நடுவிலேயே அவளுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின்மேல் காறித் துப்ப வேண்டும் போல் ஆத்திரம் வந்தது.

இறங்கி வந்து முக்காட்டோடேயே வேலிப்பக்கம் கையை ஆட்டினாள். வேலி திரும்பக் கையாட்டியது. சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். இந்த ஊருக்கு எவ்வளவு மரியாதை தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தாள்.

கடைத்தெருவில் வங்கியின் மின்பலகையில் எழுத்துகள் ஓடின: "கோச் டட்டன், ஏழு வருஷத்துக்கு நன்றி." லோர்னா ஹாரனை அடித்தாள். மெர்ல் கையெழுத்துப் போட்டுவிட்டான், ஊர் நன்றி சொல்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பெட்ரோல் நிலையத்துக்காரன் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான். அது ஏன் என்று யோசித்தாள். இரண்டு தெரு தாண்டுவதற்குள் பலகையில் ஓடிய எழுத்துகளை மறுபடி மனசுக்குள் படித்துப் பார்த்தாள். ஏழு வருஷத்துக்கு நன்றி. இன்னும் அஞ்சு வருஷம் இருக்கப் போகிறவனுக்கு யாராவது இப்படி எழுதுவார்களா?

மைதானத்தை ஒட்டிய அணிக் கட்டடத்து வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. நடுத்தெருவிலேயே விட்டுவிட்டு ஓடினாள். கதவருகே முன்வரிசையில் ஆடும் பையன் ஒருவன் சுவரில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தான். கதவளவு இருப்பான். அவளைக் கண்டதும் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"மிஸஸ் டட்டன், கோச்கிட்ட சொல்லுங்க. எங்களுக்குக் கோவம் எல்லாம் இல்ல. அவரு எடத்துல யாரா இருந்தாலும் போயிருப்பாங்க."

"அவரு எங்கடா போனாரு?"

அவன் கைபேசியை நீட்டினான். படத்தில் சிவப்பு வால் விமானம். அதன் கீழே நசுங்கிய பின்கதவோடு பச்சை வண்டி. படியில் குனிந்து ஏறும் ஒரு முதுகு, அதில் கல்லூரியின் பெயர், தலையில் முக்காடு. கோச் டட்டன் விமானம் ஏறினார் என்று கீழே எழுதியிருந்தது. அதற்குள் அந்தப் படத்தை மாநிலத்தில் பார்க்காதவர் பாக்கி இல்லை.

லோர்னா கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனாள். தன் முதுகை இவ்வளவு நன்றாக அவள் இதற்குமுன் பார்த்ததே இல்லை.

மீதியை அந்தப் பையன்தான் சொன்னான். படம் வந்ததும் பிரென்டிஸ் கோச்சை ஃபோனில் ஆறேழு தரம் கூப்பிட்டாராம். ஒவ்வொரு தரமும் கோச் துண்டித்துவிட்டாராம். நாலு மணிக்குக் கூட வேண்டிய கமிட்டி மூன்றுக்கே கூடியது. அடுத்த வாரம் வர வேண்டிய பையன்களின் பெற்றோர் ஏற்கெனவே ஃபோன் போட்டு யார் கோச் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ராத்திரிக்குள் ஒரு பேர் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டார்கள். மெர்லுக்கு அடுத்தபடியாக இருந்த, முன்வரிசைப் பையன்களைப் பழக்கும் உதவிக் கோச் கர்ட்டிஸ் லாங்லி. உள்ளேயிருந்து கைதட்டல் கேட்டது.

அவள் கூட்டத்துக்குள் போகவில்லை. மைதானத்துப் படிகளில் ஏறினாள். இரும்புப் படி, பனி உறைந்து வழுக்கியது. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து உச்சிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைத் தட்டினாள். மெர்ல் திறந்தான். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. டை ஒரு நூல் கலையவில்லை. மேஜையில் ஒப்பந்தம், அதன்மேல் கைபேசி.

"கீழ என்ன சத்தம்?" என்றான். பிறகு, தானே பெருமையாகச் சொன்னான். "பிரென்டிஸ் விடாம அடிக்கிறாரு. நான் எடுக்கல. லைன் காலியா இருக்கணும்ல."

எதை முதலில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வேலை போனதைச் சொன்னாள். தன் முதுகைப் பார்த்து அவன் முதுகு என்று ஊர் நினைத்ததைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் கத்தவில்லை. அவன் முகத்தில் அதைவிட மோசமான ஒன்று வந்தது, ஒரு வெளிச்சம்.

"கர்ட்டிஸா? நல்ல பையன். போகட்டும் விடு. நீ ப்ளேனுக்கே போய்ட்டியா? அவங்க என்ன சொன்னாங்க? என்னப் பத்தி என்ன கேட்டாங்க?"

ஒரு பொய் சொன்னால் என்ன என்று லோர்னா நினைத்தாள். உன்னைப் பற்றி நல்லதாகச் சொன்னார்கள், கடைசியில் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று ஒரு சின்னப் பொய். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இவன் அதை வைத்துக்கொண்டு அடுத்த வருஷமும் டை கட்டிக்கொண்டு இங்கே வந்து உட்காருவான் என்று அவளுக்குத் தெரியும்.

"உள்ள யாருமே இல்ல மெர்ல். பைலட் மட்டும்தான். ஊர ஏமாத்த அனுப்பினது. அவங்க வேற ஆள நேத்தே பிடிச்சாச்சு."

"இங்க ஏன் அனுப்பணும்? நம்ம ஊருக்கு?"

"ஓடுபாதை நீளம் சரியா இருந்துச்சாம்."

மெர்ல் கண்ணாடி வழியாக வெள்ளையாகக் கிடந்த மைதானத்தைப் பார்த்தான்.  லோர்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அது அவளுடையதைவிடச் சில்லென்று இருந்தது. தானே கீழே போய் நடந்ததைச் சொல்வதாகவும், கமிட்டி முடிவை மாற்றிக்கொள்ளும் என்றும் படபடவென்று பேசினாள். அவன் டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினான்.

கூட்ட அறைக்குள் அவன் நுழைந்ததும் சத்தம் கத்தியால் அறுத்த மாதிரி நின்றது. பிறகு பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து கைதட்டினார்கள். பெரிய இடத்துக்குப் போகிற தங்கள் கோச்சுக்கு வழியனுப்பு. லோர்னா வாசலிலேயே நின்றுவிட்டாள். முன்னால் பிரென்டிஸ். அவர் பக்கத்தில் கர்ட்டிஸ், அழுது சிவந்த கண்ணோடு, கைபேசியைக் காதிலிருந்து அப்போதுதான் எடுத்தவனாக. அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

"உக்காருங்கடா" என்றான் மெர்ல். "அந்த ப்ளேன் எனக்காக வரல. காலி ப்ளேன். அதுல ஏறினது என் பொண்டாட்டி. நான் மேல கூண்டுல உக்காந்து வராத ஃபோனுக்குக் காத்திருந்தேன். டாக்டர் அடிச்ச ஃபோன எடுக்கல."

எங்கோ ஒருவன் சிரித்துவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டான். லோர்னாவுக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. பிரென்டிஸின் முகம் வெளுத்தது. இன்னும் எதுவும் எழுத்தில் ஏறவில்லை, கமிட்டி பக்கத்து அறையில்தான் இருக்கிறது, பேசிப் பார்க்கலாம் என்று முணுமுணுத்தார். கர்ட்டிஸ் அவரைப் பார்த்தான், மெர்லைப் பார்த்தான். 

"எடுத்துக்கோங்க கோச். இது உங்களோடதுதான்" என்றான். சொன்னதை அவன் மனசாரச் சொன்னான். ஆனால் சொல்லும்போது குரல் உடைந்தது.

வாங்கிக்கொள் என்று லோர்னாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காலைல பேனாவ எங்கிட்டத்தான் நீட்டினாங்க" என்றான் மெர்ல். "நான் வாங்கல. உன்னக் கேட்டாங்க, நீ சரின்ன. அதோட முடிஞ்சுது." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். "உன் பழைய எடம் காலியா இருக்கும்ல. முன்வரிசப் பசங்களப் பாக்க ஆள் வேணும். யாரயாவது சொல்லிட்டியா?"

"இல்ல கோச்."

"நான் வரட்டுமா?"

 தான் தலைவனாக இருந்த இடத்தில் தன் உதவியாளனுக்கு உதவியாளனாக நிற்க இந்த மனிதன் கேட்கிறான். எதற்காகக் கேட்கிறான் என்பது அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும். வீடு நிற்கும், டெசா இதே பள்ளியில் முடிப்பாள், பெட்டிகள் வேண்டாம். லோர்னாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அவளுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

கர்ட்டிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தலைமைக் கோச்சாக அவன் எடுக்க வேண்டிய முதல் முடிவு. எல்லாப் பையன்களும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் நிமிர்ந்தான்.

"காலைல ஆறு மணிக்கு மீட்டிங், மெர்ல்" என்றான்.

ஏழு வருஷத்தில் கர்ட்டிஸ் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு லோர்னா கேட்டதில்லை, எப்போதும் கோச்தான்.  மெர்ல் முன்வரிசைப் பையன்கள் உட்காரும் பக்கமாகப் போய், அவர்களுக்கு நடுவில் ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சரி, கோச்" என்றான்.